கீபோர்டு மாஸ்டர்

மும்பை சீத்தா கேம்ப் கீபோர்டு மாஸ்டருக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் வாத்தியங்களிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்து ஆங்கிலம் ஏழாம் வகுப்போடு அவரைக் கைவிட்டது. இரு தரப்பிலும் வருத்தம் இல்லை. பேங்கில் படிவம் நிரப்ப இன்றும் மகளைத்தான் கூட்டிப் போகிறார். ஆனால் மேடை ஓரத்தில் நின்று, "மானிட்டர்ல ட்ரெபிள் கட் பண்ணு, மிட்டைக் கொஞ்சம் ஏத்து, வோக்கலுக்கு எக்கோ ஜாஸ்தியா இருக்கு பாரு" என்று சவுண்ட் சர்வீஸ் பையனிடம் ஒரே மூச்சில் சொல்வார். அந்த வாக்கியத்தில் தமிழுக்கு வினைச்சொல்லும் வேற்றுமை உருபும் ஒரு 'கொஞ்ச'மும்தான் பாக்கி.

மாஸ்டர் என்பது யாரும் கொடுத்த பட்டமல்ல. மும்பையில் துணி தைப்பவரும் மாஸ்டர், பரோட்டா போடுபவரும் மாஸ்டர், கீபோர்டை அடுத்தவருக்கு வாடகைக்கு விடாமல் தானே வாசிப்பவரும் மாஸ்டர். சாயங்காலம் மான்குர்டு ஸ்டேஷன் பாலத்தில் இவரை எளிதில் அடையாளம் காணலாம். முதுகில் கறுப்பு நீளப்பை இருக்கும். அதன் ஜிப் போன இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும். சட்டைப்பையில் பென்டிரைவ், அதில் ஆயிரம் பாட்டுக்குக் கரோக்கி. பை யார் மேலாவது இடித்தால் 'ஸாரி' சொல்ல மாட்டார். "பார்த்துப் போங்க பாய், காஸியோ" என்பார். உள்ளே இருப்பது யமஹாதான். கீபோர்டு எல்லாமே காஸியோ என்பது மாஸ்டரின் ஆங்கில அகராதியில் முதல் விதி.

இந்த அகராதி வளர்ந்த மண்ணையும் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி ட்ராம்பேயின் சதுப்பு ஓரத்தில் இறக்கினார்கள். அப்படி உண்டானதுதான் இந்தக் குடியிருப்பு. காலனியைக் காப்பாற்ற மன்றாடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். குடிசைவாசிகளுக்காகப் பாடுபட்டு 2000இல் மகசேசே விருது பெற்றவர். அதே 1976 மே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் 'அன்னக்கிளி' வெளியாகி, இளையராஜா என்ற பெயர் முதல்முறையாகத் திரையில் வந்தது. ஆக, சினிமா வயசுக் கணக்கில் இளையராஜாவும் சீத்தா கேம்ப்பும் ஒரே வகுப்பு. மாஸ்டர்கள் யாரும் இதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்வதில்லை.

புது இடத்தின் பகுதிகளுக்கு ஏ செக்டர், பி செக்டர், சி செக்டர் என்று ஆங்கில எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். மேற்கத்திய ஸ்வரங்களுக்கும் அதே எழுத்துகள்தான். "சி-ல ஆரம்பிச்சு எஃப்புக்குப் போ" என்று மாஸ்டர் சொன்னால், முதல் நாள் வந்த பையன் செருப்பைத் தேடுவான்.

மாஸ்டரின் ஆங்கிலப் பள்ளிகள் பல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பமென்றால் முதல் பள்ளி தேவாலயப் பாடகர் குழு. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு சொற்களும் அங்கே ஞானஸ்நானத்தோடு சேர்ந்தே கிடைக்கும். அடுத்தது கல்யாண பேண்டு. அதைவிடப் பெரிய பள்ளி கீபோர்டின் முகப்புதான். ரிதம், டோன், டெம்போ, சஸ்டெயின், ஃபில்-இன், எண்டிங் என்று பொத்தானுக்குப் பொத்தான் அச்சடித்திருக்கும். அமுக்கிப் பார்த்தால் அர்த்தம் காதில் விழும். ஓசையோடு பொருள் சொல்லும் அரிச்சுவடி வேறு எந்தப் பள்ளியிலும் கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி மேனுவலின் ஒரு பக்கத்தையும் படிக்காத மாஸ்டர், பழைய காஸியோ அடாப்டர் ஒன்பது வோல்ட் சென்டர் நெகட்டிவ், யமஹா பன்னிரண்டு வோல்ட் சென்டர் பாசிட்டிவ் என்று பிளக்கைப் பார்த்தே பிரித்துவிடுவார். இந்த இரண்டு சொற்களை மாற்றிச் சொன்னால் போர்டு புகைந்துவிடும் என்பதால் இங்கே உச்சரிப்பைவிட அர்த்தம் முக்கியம்.

வாத்தியம் வழியாக ஆங்கிலம் கற்பதில் மாஸ்டருக்குப் பெரிய முன்னோர் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் கும்பினிக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவை நோட்டு ஸ்வரங்கள் எனப்பட்டன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பிடிலைக் கையில் எடுத்து, நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் பாடிய இங்கிலீஷ் நோட்டுக்கு மாட்டுங்காவிலும் தலையாட்டியிருக்கிறார்கள். இன்று மாஸ்டரிடம் நோட்டு என்றால் ஸ்வரம், பாட்டு எழுதிவைத்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம், ரூபாய் என்று மூன்று அர்த்தம். மூன்றாவதைத்தான் அவர் அதிகம் பார்த்ததில்லை.

சுருதி விஷயத்தில் மாஸ்டர் கிட்டத்தட்ட நாணயமாற்றுக் கடைக்காரர். அம்மன் கோயில் விழாவில் பாட வரும் பெரியவர், "தம்பி, அஞ்சரைக் கட்டை குடு" என்பார். மறுநாள் உரூஸில் கவாலி பாட வரும் பாய், "காலி சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடும் காலேஜ் பெண், "ஜி சார்ப் அங்கிள்" என்பாள். மூன்று பேரும் கேட்பது ஒரே கறுப்புக் கட்டை. தமிழ்க் கணக்கில் ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு. இடையில் வரும் கறுப்பு அரை. வடக்கே வெள்ளையைத் தனியாகவும் கறுப்பைக் 'காலி' என்று தனியாகவும் எண்ணுவார்கள். ஆகவே ஒன்றரைக் கட்டையும் காலி ஏக்கும் சி சார்ப்பும் ஒன்று. நாலரையும் காலி தீனும் எஃப் சார்ப்பும் ஒன்று. மாஸ்டர் இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்ததே இல்லை. விரல் போய் உட்கார்ந்துவிடும்.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. ஆனாலும் ஊருக்கு ஒரு வித்வான், தன் ஞானத்தைக் காட்ட, "மூணரை" கேட்பார். மாஸ்டர் முகம் மாறாமல் நாலு கட்டையைக் கொடுப்பார். "ஆங், இதுதான், கரெக்ட்" என்று வித்வான் கண்ணை மூடிக்கொள்வார். ஆங்கிலத் தியரிப் புத்தகத்தில் 'ஈ சார்ப்' என்ற ஸ்வரம் உண்டு, அது கீபோர்டில் எஃப்தான், அதாவது நாலு கட்டைதான் என்பது இருவருக்கும் தெரியாது. பொய்க்குப் பொய் கொடுத்தும் புத்தகப்படி சரியாக வந்த இப்படி ஒரு பேரம் வேறு தொழிலில் நடந்ததில்லை.

கறுப்புக் கட்டைக்கு ஆங்கிலத்தில் சார்ப், ஃபிளாட் என்று இரண்டு பெயர். மாஸ்டர் சார்ப்பை மட்டுமே வைத்துக்கொண்டார். பி ஃபிளாட் என்று புத்தகம் சொல்லும் இடத்தை ஏ சார்ப் என்பார். மும்பையில் ஃபிளாட் என்பது செம்பூரில் லோன் போட்டு வாங்குகிற சமாச்சாரம்; அதைக் கீபோர்டில் எல்லாம் வைத்து வீணாக்க முடியாது.

இவருடைய உயிர்ப்பொத்தான் டிரான்ஸ்போஸ். எந்தப் பாட்டையும் வெள்ளைக் கட்டையிலேயே வாசித்துப் பழகிவிட்டு, பாடுகிறவரின் சுருதிக்குத் தக்கபடி இந்தப் பொத்தானை ஏற்றி இறக்கிக்கொள்வார். வாயில் அது 'டிரான்ஸ்பர்' ஆகிவிட்டது: "அக்கா பாடுறாங்க, மைனஸ் ரெண்டு டிரான்ஸ்பர் போட்டுக்கிறேன்." பக்கத்து அணுசக்தி நகரின் அரசு ஊழியர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். மாஸ்டருக்கோ அது இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை.

பேஞ்சோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேஞ்சோ தோல் கட்டிய வட்டத் தலையுடையது. தோளில் மாட்டி வாசிப்பது. மும்பைத் தெருவில் பேஞ்சோ என்றால் டைப்ரைட்டர் மாதிரிக் கட்டைகள் பதித்த தந்திப் பெட்டி, தமிழ்நாட்டில் புல்புல்தாரா என்பார்களே, அதுதான். அதன் மூதாதை 1912இல் ஜப்பானின் நகோயாவில் கோரோ மொரிட்டா என்பவர் செய்த தைஷோகோட்டோ. இங்கே பிக்கப் வைத்து ஆம்ப்ளிஃபயரில் சொருகி, தாஷாவும் டிரம்மும் சேர்த்தால் பேஞ்சோ பார்ட்டி. 2016இல் ரித்தேஷ் தேஷ்முக் நடித்து 'பேஞ்சோ' என்று இந்திப் படமே வந்தது. ஆக, ஜப்பான்காரர் செய்த வாத்தியம் அமெரிக்கப் பெயரில் மராத்தித் தாளத்துக்கு ஆடித் திருவிழாவில் அம்மன் பாட்டு வாசிக்கிறது. மாஸ்டர் இதில் ஆச்சரியப்பட எதையும் காணவில்லை. "பேஞ்சோன்னா பேஞ்சோ. வேற என்னன்னு சொல்றது?"

பேஞ்சோ பார்ட்டி போவது டெம்போவில். ஜெர்மனியின் டெம்போ கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ, 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது, மும்பைக்காரர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. சின்ன சரக்கு வண்டி எல்லாம் இன்றும் டெம்போதான். இத்தாலியச் சொல்லான டெம்போ, இசையில் வேகத்தைக் குறிக்கும். எனவே விசர்ஜன் ஊர்வலத்தின் நடுவில் மாஸ்டர், "டெம்போ ஏத்துடா!" என்று கத்தினால், டிரம் பையன் வேகத்தைக் கூட்டுவான்; புதிதாக வந்தவன் ஸ்பீக்கரைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவான்.

மற்ற சொற்களை விரைவாகவே பார்த்துவிடலாம். எட்டுத் தட்டு கொண்ட ஆக்டோபேட், சுருக்கமாகப் பேட். அதனால், "இன்னிக்கு நம்ம பேட் யாரு?" என்ற கேள்வியைக் கிரிக்கெட் என்று நினைத்து யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். கோங்கா என்ற மேளம் மும்பை முழுக்கக் காங்கோ. ஆப்பிரிக்க நாட்டின் பெயர் அது என்பது மேளத்துக்கே தெரியாது. ட்ரம்போன் வாசிப்பவர்கள் குறைந்துவிட்டாலும் சொல் பிழைத்திருக்கிறது, ட்ராம்பேயின் தம்பி மாதிரி ஒலிப்பதால். பாட்டின் இடையிசைக்குத் தமிழ்க் குழுவில் 'ஃபர்ஸ்ட் பிஜிஎம், செகண்ட் பிஜிஎம்'; இந்திக் குழுவில் அதுவே 'எம் ஒன், எம் டூ'. ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்தான் கொஞ்சம் சிக்கல். மகாராஷ்டிராவில் 2005இல் டான்ஸ் பார்களுக்குத் தடை வந்த பிறகு, பல பார்கள் ஆர்க்கெஸ்ட்ரா லைசென்ஸில் ஓடின. அன்றிலிருந்து பெண் கேட்டுப் போகும் தரகர், "மாப்பிள்ளை ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கார்" என்று சொல்வதில்லை. "மியூசிக் லைன்" என்கிறார்.

மாஸ்டரின் வகுப்பு வீட்டின் மேல்மாடித் தகரக் கூரைக்குக் கீழே. ஒரு முறையாவது ஒரு தாய் வந்து, "மாஸ்டர், பையனுக்குக் கீபோர்டு சொல்லிக் குடுங்க, ஆபீஸ் வேலைக்கு உதவும்" என்று கேட்டிருப்பார். அந்தப் பையனும் மூன்று மாதம் ச ரி க ம வாசித்திருப்பான், ஃபீஸ் கட்டியாயிற்றே. இப்போது புது வகை மாணவர்கள் வருகிறார்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு பரீட்சைக்குப் படிப்பவர்கள். இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் தங்கப் பதக்கம் வாங்கியது அந்த டிரினிட்டியில்தான் என்பதால் மாஸ்டர் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்து ஆங்கிலம் அவருடைய ஆங்கிலம் இல்லை. செமிபிரீவ், மினிம், கிராட்செட், குவேவர் என்று அவர்களில் ஒரு பெண் ஒப்பிப்பாள். இன்று வழக்கத்தில் உள்ள ஸ்வரங்களில் ஆக நீளமானதற்குப் பெயர் செமிபிரீவ், அதாவது 'பாதிக் குட்டை'. யூடியூப் அமெரிக்கர் அதையே ஹோல் நோட் என்பார். இந்தப் பெயர்ச் சண்டையை மாஸ்டர் ஒரே வரியில் தீர்ப்பார்: "பேரு என்ன வேணா இருக்கட்டும்மா, நீ ஒண்ணுல வா." அவள் எல்லாப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதுவாள், ஒன்றில் மட்டும் வர மாட்டாள், ஒன்றேகாலில் வருவாள்.

அவள் மாஸ்டரையும் பிடிப்பதுண்டு. "மாஸ்டர், அங்க டி மேஜர். நீங்க எஃப் சார்ப்பை விட்டுட்டு எஃப் பிடிக்கிறீங்க." மாஸ்டர் ஒரு நொடி யோசிப்பார். "அது ஜாஸ்" என்பார். தவறி விழுந்த ஸ்வரம் எல்லாவற்றுக்கும் இவர் அகராதியில் ஜாஸ் என்று பெயர். இரண்டாம் முறையும் தவறினால், ஃபீல்.

வீட்டிலும் இதே ஆங்கிலம்தான் புழங்குகிறது. குழம்பில் காரம் ஏறினால், "ட்ரெபிள் ஜாஸ்தி". ரசம் தண்ணீராக இருந்தால், "பேஸே இல்ல". "அப்ப நீங்களே எந்திரிச்சு வந்து மிக்ஸ் பண்ணிக்குங்க" என்பார் மனைவி. அவரும் இருபது வருடமாக இந்த மொழியில் குடித்தனம் நடத்துகிறவர்.

கடைசியாகப் பணச் சொற்கள். அவை இரண்டே: அட்வான்ஸ், பேலன்ஸ். கச்சேரிக்கு முன் பேலன்ஸ் என்றால் நான்கு ஸ்பீக்கரும் ஒரே அளவாகக் கேட்பது. 'ஹலோ, செக், ஒன் டூ த்ரீ' என்று ஒரு மணி நேரம் அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார் மாஸ்டர். கச்சேரிக்குப் பின் பேலன்ஸ் என்றால் பாக்கித் தொகை. விழாக் கமிட்டித் தலைவர் தோளில் கை போட்டு, "மாஸ்டர், பிச்சு உதறிட்டீங்க. நாளைக்குக் காலைல வாங்க, செட்டில் பண்ணிடுவோம்" என்பார். காலையில் போனால் தலைவர் ஊருக்கு ரயிலேறியிருப்பார். பேட் வாசித்த பையன் தன் பங்கைக் கேட்டு வாசலில் நிற்பான். மாஸ்டர் கீபோர்டுப் பையின் ஊக்கைச் சரிபார்த்துக்கொண்டே பதில் சொல்வார்: "லூப்புல ஓடுதுடா தம்பி. எண்டிங் அவர் கையில இருக்கு."