நீர் ஆற்றை பிள்ளை?

கொடிகாமம் சந்தையில் புதுமுகம் ஒன்று ஆச்சியிடம் மாம்பழத்துக்கு விலை கேட்டால் விலை பிறகுதான் வரும். முதலில் "தம்பி எவடம்?" அடுத்தது "ஆற்றை மோன்?" மூன்றாவது கேள்விக்குள் ஆள் கச்சாயா, வரணியா, மிருசுவிலா என்பதோடு தாய்மாமன் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய காவல் தேவைப்படவில்லை. சந்தியில் தெரியாத ஆளோடு பிள்ளை கதைத்தால், பிள்ளை வீடு வர முன்னம் செய்தி வந்துவிடும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். "போனைத் தொட்டால் கை முறியும்" என்ற தாய்மாரே "போனை எடுத்துப் படி" என்று கெஞ்ச வேண்டி வந்தது. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தது. போன் திரும்பி வரவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஏழாம் வகுப்புப் பெடியன் ஒருவன் பேஸ்புக்கில் 1980இல் பிறந்திருக்கிறான். 13 வயதாகாதவர்களுக்குக் கணக்கு இல்லை என்று கொம்பனி சொன்னதால் வந்த வினை. அந்தக் கணக்குப்படி அவன் தகப்பனுக்கு அண்ணன். ஆஸ்திரேலியாவிலோ 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. "உங்கை என்னண்டு சமாளிக்கிறியள்?" என்று மெல்பேர்ன் மச்சாளைக் கேட்டேன். "முதல்லை பெரியாக்களுக்கு ஒரு சட்டம் வரட்டும்" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. போன தவணை ஒரு பெற்றோர் கூட்டம். இணையப் பாதுகாப்பு பற்றிப் பேச ஒரு தம்பி வந்திருந்தார். "சீருடையோடை நிக்கிற படத்தைப் பள்ளிக்கூடப் பேர் தெரியிற மாதிரி ஒருநாளும் போடாதேங்கோ" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, முன்வரிசையில் ஒருவர் எழும்பி நின்று கூட்டத்தை பேஸ்புக்கில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தார். நடுவில் வரவேற்புப் பாட்டுப் பாடின பிள்ளைகள், சீருடையோடு. பின்னால் பனரில் பள்ளிக்கூடத்தின் பெயர், பிரான்சில் இருந்து பார்த்தாலும் வாசிக்கலாம். தம்பி நன்றி சொல்ல முன்னமே லைக் குவிந்துவிட்டது.

சாமத்திய வீடுகளைச் சொல்லவே வேண்டாம். ட்ரோன் பறக்கிறது, யூடியூப்பில் முன்னோட்டம் ஓடுகிறது. பிள்ளையின் முழுப்பெயர், திகதி, வீட்டுப் படலை, வீதி எல்லாம் அதில் இருக்கும். பிள்ளையிடம் கேட்டார்களா? வீடியோக்காரரிடம் கேட்டார்கள். புலமைப்பரிசில் முடிவு வந்தால் சுட்டெண்ணோடு அதுவும் ஏறிவிடும். பிறகு ஒருநாள் எவனோ ஒருத்தன் "தங்கச்சி, நான் உங்கட மாமான்ரை சிநேகிதன். அண்டைக்கு அந்த நீலச் சாறி நல்லா இருந்தது" என்று மெசேஜ் போடுகிறான். சந்தை ஆச்சி கேட்கிற மூன்று கேள்விகளையும் அவன் கேட்கத் தேவையில்லை. விடைகளை நாங்களே போட்டுவைத்திருக்கிறோம்.

இலங்கையிலும் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்மேல் நடந்த சண்டை பெரும்பாலும் பேச்சுச் சுதந்திரம் பற்றியது. பிள்ளையின் படங்களை ஏற்றுகிற பெரியம்மாவின் பேஸ்புக் பக்கத்துக்கு அதில் ஒரு பிரிவும் இல்லை.

அப்படி ஒரு மெசேஜ் வந்தால் பிள்ளை ஏன் உடனே வந்து சொல்வதில்லை? சொன்னால் முதலில் போன் பறிபோகும். பிறகு ஏச்சு. பிறகு அம்மா பெரியம்மாவுக்குக் கோல் எடுப்பா, பெரியம்மா கனடாவுக்கு எடுப்பா. மெசேஜ் போடுகிறவன் ஒருத்தன், விசாரிக்கிறவர்கள் பதினைந்து பேர். பிள்ளை கணக்குப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறது. அந்தக் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை.

ஆனபடியால் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை வந்து "ஒருத்தன் மெசேஜ் போடுறான்" என்றால் போனைப் பறிக்காதேங்கோ. மெசேஜை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. காசில்லை, 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். பெரியம்மாவுக்குப் பிறகு சொல்லலாம்.