விழுதலே இலக்கணம்: நரிக்குடி வட்டார வீடுகளில் எம்.சி.பி. மாற்றுவது குறித்து ஓர் ஆய்வு

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் வீட்டு எம்.சி.பி. கெட்டுப்போய்ப் புதிது வாங்கப் போகிறவர், எலக்ட்ரிக்கல் கடையில் வைக்கும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "சும்மா சும்மா விழாத ட்ரிப்பரா குடுங்கண்ணே." விழாதிருப்பதே ட்ரிப்பருக்கு அழகு என்னும் இக்கொள்கைக்கு 'விழாமைவாதம்' என்று பெயரிடுவோம். எத்தனை ஆம்ப்ஸ் வாங்குவது என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கும் இல்லை, ஏ.சி.க்கும் இல்லை; சுவருக்குள் ஓடும் ஒயருக்கே உண்டு என்பது இக்கட்டுரையின் மேற்கோள்.

மேற்கோளுக்கு ஏது வேண்டும். எம்.சி.பி.யின் வயிற்றுக்குள் இரண்டு காவல் உண்டு. ஒன்று, இருவகை உலோகத்தாலான பட்டை. கூடுதல் கரண்ட் நெடுநேரம் ஓடினால் சூடேறி வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். மற்றொன்று காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் நொடிக்கும் குறைவான நேரத்தில் இழுத்துவிடும். தர விதிப்படி 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி., 1.13 மடங்கான 18 ஆம்ப்ஸ் வரை ஒரு மணி நேரம் விழக் கூடாது, 1.45 மடங்கான 23-ஐத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே தீர வேண்டும். விழாமைவாதி இதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 32 மாட்டுகிறார். இப்போது 36 ஆம்ப்ஸ் ஓடினாலும் அது வாய் திறக்காது. சுவருக்குள் இருப்பதோ 20 ஆம்ப்ஸை ஒட்டித் தாங்கக்கூடிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். சீமைக்கருவேலை அடுக்கி, மண் மூடி, கரிமூட்டம் போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: வெளியே தீ தெரியாமலே உள்ளே வெந்து கரியாகும். புகையைக் கண்டு நெருப்பை அறியும் அனுமானம் மணிமேகலையின் 29-ஆம் காதையிலேயே பேசப்படுகிறது. வீட்டு ஒயரிங்கில் அந்த அனுமானம் கைகூடும் நேரத்தில் காரியம் கைமீறியிருக்கும். புகைக்கு முன்பே அறிவதற்குத்தான் எம்.சி.பி.

இனித் தடையும் விடையும். எம்.சி.பி.க்கு 30 டிகிரி வெப்பத்தில் அளவு குறிக்கிறார்கள். நரிக்குடிச் சித்திரையில் அது விடியற்காலை வெப்பம். ஆகவே இங்கே நியாயமில்லாமல் முந்தி விழுகிறது என்பது முதல் தடை. இதன் முற்பாதி முழு உண்மை. பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்கத் தூண்டிய அதே வெயில், மேற்குச் சுவரில் மாட்டிய, எம்.சி.பி. குடியிருக்கும் டி.பி. பாக்ஸையும் காய்ச்சத்தான் செய்யும். ஆனால் வெயில் ட்ரிப்பரை மட்டும் தேடி வருவதில்லை. ஒயரும் அதே சுவரில்தான் கிடக்கிறது. சூடு ஏற ஏற அது தாங்கும் கரண்டும் குறைகிறது. இருவருக்கும் ஒரே காய்ச்சல் என்கிறபோது ட்ரிப்பர் முந்திப் படுப்பது நியாயமே. பாக்ஸை நிழலுக்கு மாற்றுவதும், தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்குவதும், ஏ.சி.க்குத் தனி லைன் இழுப்பதுமே பரிகாரம்.

மோட்டார் போட்ட கணத்திலேயே விழுகிறதே என்பது இரண்டாம் தடை. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும். இங்கே மாற்ற வேண்டியது எண்ணை அன்று, எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தை. 'பி' வகை 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கில்தான் உடனே விழும். எழுத்தை மாற்றினால் மோட்டாரும் கிளம்பும், ஒயரும் பிழைக்கும். மூன்றாம் தடை மரபு பற்றியது: பீஸ் கட்டையில் ஒரு நூல் போட வேண்டிய இடத்தில் மூன்று நூல் முறுக்கிப் போட்ட தாத்தா காலத்தில் வீடா எரிந்தது? அற்றன்று. எரியாத வீட்டார் மட்டுமே திண்ணையில் உட்கார்ந்து சாட்சி சொல்வதால் அச்சாட்சி ஒருதலையானது. மேலும், தாத்தா வீட்டில் ஓடியவை இரண்டு குண்டு பல்பும் ஒரு மின்விசிறியும். இன்றோ இன்டக்ஷன் அடுப்பு ஒன்றே அந்த வீட்டு மொத்தக் கரண்டையும் விழுங்கிவிடும்.

ஆதலின் கடைக்குப் போகுமுன் அறிய வேண்டியவை: ஒயரின் கனம், பழைய எம்.சி.பி.யின் எழுத்தும் எண்ணும். அதன் நெற்றியில் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்றிருப்பது விலையன்று. அத்தனை ஆம்ப்ஸ் ஷார்ட் சர்க்யூட்டை வெடிக்காமல் அறுக்கும் திறம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பது எம்.சி.பி.யின் வேலையே அன்று. அதற்கு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. தனியாக வாங்க வேண்டும். மாட்டும் வேலையை வயர்மேனிடம் விடுவதே நன்று. இம்முடிவை ஏற்காத விழாமைவாதிகள் மறுப்புரை வரையலாம், டி.பி. பாக்ஸில் செய்து காட்டித்தான் மறுப்பேன் என்போர், மெயினை அணைத்த பிறகு தொடங்குக.