மெமரி கார்டில் எழுத்துச் சிறுமையும் வாய்மைப் பெருமையும்

எஸ்டி கார்டு என்பது 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பிளாஸ்டிக் சில்லு. பரப்பு 768 சதுர மில்லிமீட்டர். ஒரு மூலை வெட்டுப்பட்டிருப்பதால் அதிலும் கொஞ்சம் குறையும். இந்த இடத்துக்குள் நிறுவனத்தின் பெயர், கார்டின் குலப்பெயர், கொள்ளளவு, ஒரு வேகம், அந்த வேகத்தோடு ஒத்துப்போகாத இன்னொரு வேகம், ஒரு ரோமன் எண், வாளிக்குள் அடைபட்ட ஒரு 3, வளையத்துக்குள் அடைபட்ட ஒரு 10, 'வி' போட்ட ஒரு 30 எல்லாம் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்கின்றன. கல்வெட்டியலார் இப்பரப்பின்மேல் கண்வைத்திருந்தால் ஒன்றை உடனே கண்டுகொண்டிருப்பார்கள். முதலாம் ராஜராஜன் காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும்: அரசன் கொண்ட நாடுகள், வென்ற போர்கள், அவன் புகழ். அது ஓய்ந்த பிறகுதான் எந்த ஊரில் எந்த நிலம், கீழெல்லை எது, மேலெல்லை எது, கோயிலுக்கு எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்ற விவகாரம் வரும். நிலத்தை உழப்போகிறவன் மெய்க்கீர்த்தியை நம்பி ஏர்பூட்டுவதில்லை, எல்லையைத்தான் பார்ப்பான். கார்டு வாங்கப்போகிறவர்களோ மெய்க்கீர்த்தியைப் படித்ததும் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். ஆகவே இக்கட்டுரை நிறுவப் புகுந்த விதி ஒன்றே: மெமரி கார்டின் முகத்தில் எழுத்தின் உருவமும் அதன் வாய்மையும் தலைகீழ் விகிதத்தில் அமையும். எழுத்து பெருக்கப் பெருக்க உண்மை தேயும். எழுத்து தேயத் தேய உண்மை பெருகும்.

முதற்சான்று, முகத்தில் எல்லாவற்றிலும் பெரிதாக நிற்கும் எண். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் தொங்கும் கார்டுகளைப் பார்த்தால் அது 100, 170, 200 என்று ஏதோ ஒன்றாக இருக்கும். நொடிக்கு இத்தனை எம்.பி. என்பது அதன் பொருள். பெரும்பாலும் இது கார்டிலிருந்து படிக்கும் வேகம். கேமரா கார்டில் செய்யும் வேலையோ எழுதுவது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர் ஃபிளாஷ் நினைவகத்தின் உள்விவகாரம் அறியாதவர். ஒரு செல்லில் மின்னூட்டம் எவ்வளவு இருக்கிறதென்று எட்டிப் பார்த்துச் சொல்வது படிப்பு. எலக்ட்ரான்களை மின்காப்புப் படலத்தின் வழியே உள்ளே தள்ளி, சரியான அளவு போயிற்றா என்று சோதித்து, போதாவிட்டால் மறுபடியும் தள்ளுவது எழுத்து. அதோடு, எழுதிய இடத்தின்மேல் அப்படியே எழுதவும் முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பின்னரே அங்கே மறுபடி எழுதலாம். தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா இந்த நினைவகத்தை உருவாக்கியபோது, அந்த மொத்த அழிப்பு கேமராவின் ஃபிளாஷ் வெட்டுவதுபோல இருக்கிறதென்று சொல்லி உடன் வேலை செய்த ஷோஜி அரீஸுமி இப்பெயரைப் பரிந்துரைத்ததாக வரலாறு. பெயரில் உள்ள மின்னல் அழிப்பதற்கு உரியது, எழுதுவதற்கு உரியதன்று என்பதை வாங்குவோர் குறித்துக்கொள்க. படிப்பது எளிது, எழுதுவது கடினம் என்று எழுத்தாளர்கள் காலங்காலமாகப் புலம்பியும் எடுபடாத செய்தியை ஒரு சிலிக்கான் சில்லு ஐயந்திரிபற நிறுவியிருக்கிறது.

அந்தப் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில், உறையின்மேல், தினையளவு எழுத்தில் 'அப் டு' என்று இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழில் 'வரை'. இந்த ஆய்வில் இதைவிட மதிப்புள்ள சொல் இல்லை. வரை என்றால் மலை என்றும் பொருளுண்டு. 200 வரை என்றால் 200 என்பது சிகரம். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவரும் மலைக்கு வந்தவரே. நொடிக்கு 2 எம்.பி. எழுதும் கார்டும் '200 வரை' என்ற வரையறைக்குள் பத்திரமாக அடங்கும். பெரிய எழுத்து சொன்ன பொய்யைச் சின்ன எழுத்து பக்கத்திலேயே நின்று திருத்திக்கொடுக்கிறது. நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட சாட்சி கிடைப்பது அரிது.

அடுத்து, அதே முகத்தில் எள்ளளவு ஒரு கோடு நிற்கும். அது ரோமன் ஒன்று. யு.எச்.எஸ். என்னும் தடத்தின் முதல் வகை இது என்று பொருள். அந்தத் தடத்தில் நொடிக்கு 104 எம்.பி.க்கு மேல் போக்குவரத்துக்குத் தரநிர்ணயத்தில் வழியில்லை. பிறகு அதே கார்டின் நெற்றியில் 200 எப்படி வந்தது? தரநிர்ணயத்துக்கு வெளியே உற்பத்தியாளர் தனியாகப் போட்டுக்கொண்ட குறுக்குப்பாதை வழியாக வந்தது. அந்தப் பாதை தெரிந்த கார்டு ரீடரில் செருகினால் 200 தென்படலாம். தெரியாத கேமராவில் செருகினால் 104-க்குள் அடங்கிவிடும். ஒரே கல்வெட்டில் இரண்டு கூற்றுகள். ஒன்று யானை உயரம், ஒன்று எறும்பு உயரம். கேமரா எறும்பின் பேச்சைக் கேட்கிறது.

இனி வகுப்புகள். வளையத்துக்குள் 10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. தொடர்ந்து எழுதும். வாளிபோன்ற 'யு'வுக்குள் 1 என்றாலும் 10, 3 என்றால் 30. வி30, வி60, வி90 என்பவை முறையே 30, 60, 90. இவை யாவும் உறுதிமொழிகள். உச்சத்தைச் சொல்லாமல் தரைமட்டத்தைச் சொல்பவை. இவை எவ்வளவு சின்னதாக அச்சிடப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்ணாடி போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தரைமட்டம் ஏன் முக்கியம் என்பதற்குக் கெட்டிமேளமே சான்று. கெட்டிமேளம் ஒலிக்கும்போது ஷட்டரை அழுத்திய விரல் எளிதில் எழுவதில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு ஏறத்தாழ 25 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 10 படம் வீதம் 6 நொடியில் 60 படம், அதாவது 1500 எம்.பி. இவ்வளவையும் கேமராவின் பஃபர் ஒரேயடியாகத் தாங்கிக்கொண்டதாகவே கொள்வோம். அது கார்டில் இறங்கி முடிய, 30 வீதம் எழுதினால் 50 நொடி. 60 வீதம் 25 நொடி. 90 வீதம் 17 நொடிக்கும் குறைவு. ஐம்பது நொடியில் முடிச்சுகள் விழுந்து, கடைசி முடிச்சை நாத்தனார் போட்டு, தலையில் விழுந்த அட்சதையை மாப்பிள்ளை தட்டிவிட்டு முடித்திருப்பார். கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். முகத்தில் 200 என்று எழுதியிருந்தது இதில் எந்த முடிச்சையும் காப்பாற்றியிருக்காது.

வி30 கார்டு உண்மையில் 30 எம்.பி.யோடு நிற்பதில்லை, மும்மடங்குகூட எழுதுவதுண்டே, அப்படியானால் சின்ன எழுத்தும் பொய்தானே என்று ஒரு தடை எழும். குறைத்துச் சொல்வது பொய்யாகாது. 'சாப்பாடு சுமார்தான்' என்று சொல்லிவிட்டு விருந்து போடுபவரை யாரும் பொய்யர் என்பதில்லை. மேலும் பல கார்டுகள் தொடக்கத்தில் ஒரு வேகப் பகுதியில் மளமளவென்று வாங்கிப்போட்டு, அது நிரம்பியதும் தளரும். தொடர்ந்து ஒரு மணி நேரம் வீடியோ எடுப்பவருக்குத் தொடக்க உற்சாகம் எதற்கு? தளர்ந்த பின் எங்கே நிற்கும் என்பதே கேள்வி, அதற்கு விடை சொல்வது அந்தச் சின்ன 30 மட்டுமே.

எழுத்துச் சிறுமைக்கு இன்னொரு வலுவான சான்று கார்டுக்கு வெளியே, கேமராவின் மெனுவுக்குள் கிடக்கிறது. கேமரா தன் வீடியோவின் அளவை 100, 200, 400 என்று மெகாபிட்டில் சொல்லும். கார்டு மெகாபைட்டில் சொல்லும். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன 'பி', பைட்டுக்குப் பெரிய 'பி'. இடையில் எட்டு மடங்கு வித்தியாசம். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அறியாத மொழியில் வளர்ந்த நமக்கு இது ஒரு பண்பாட்டு அதிர்ச்சி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடுத்தால் மூன்று என்று நிறுத்திக்கொண்ட இலக்கணம் நம்முடையது. ஒரே எழுத்தை எட்டு மடங்கு நீட்டும் அளபெடையை எந்த உரையாசிரியரும் ஒப்பமாட்டார். எட்டால் வகுத்துப் பார்த்தால் பயம் தெளியும். 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு வேண்டியது நொடிக்கு 12.5 எம்.பி.; 200-க்கு 25; இரண்டுக்கும் வி30 போதும். 400 மெகாபிட் என்றால் 50. அங்கேதான் வி60-க்கு வேலை.

இனி மறுப்பாரைச் சந்திப்போம். கொள்ளளவு பெரிய எழுத்தில்தானே இருக்கிறது, அது மெய்யல்லவா என்பர். 64 ஜி.பி. என்று முகத்தில் உள்ள கார்டை விண்டோஸ் கணினியில் செருகினால் 59.6-ஐத் தாண்டாது. உற்பத்தியாளர் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார். கணினியோ 1024-ஐ மும்முறை பெருக்கி எண்ணுகிறது. நாழியை யார் அளக்கிறார் என்பதைப் பொறுத்து நெல் கூடும், குறையும். இந்த விளக்கத்தை நிறுவனங்கள் மறைக்கவில்லை. உறையின் பின்புறத்தில் எறும்பும் குனிந்து படிக்கும் எழுத்தில் அச்சிட்டிருக்கின்றன. விதி மறுபடியும் தப்பவில்லை. எஸ்டி என்னும் இலச்சினையும் கண்ணில் படும்படிதான் இருக்கிறது. அதிலுள்ள 'டி' ஒரு வட்டத் தட்டைப்போலிருக்கும். கார்டுக்குள் சுழலும் தட்டு ஏதுமில்லை. டிவிடி பிறப்பதற்குமுன் தோஷிபா தரப்பு முன்வைத்துக் கைவிடப்பட்ட சூப்பர் டென்சிட்டி என்னும் வட்டுக்கு வரைந்த சின்னம் அது. வேலையில்லாமல் கிடந்ததை 1999-இல் வந்த கார்டுக்குச் சூட்டிவிட்டார்கள். செத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் எழுத்திடம் வாய்மையை எதிர்பார்ப்பதற்கில்லை.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு. கார்டின் ஓரத்தில் உள்ள சிறு நகர்த்தியின் பக்கம் 'லாக்' என்று மிகச் சின்னதாக எழுதியிருக்கும். அந்த நகர்த்திக்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை; அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது எங்கே நிற்கிறதென்று கேமராதான் தடவிப் பார்த்து, எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. ஆக மிகச் சிறிய எழுத்தே பொய் சொல்லி மாட்டிக்கொண்டதே என்பர். இலக்கணம் நம்மைக் காக்கிறது: 'லாக்' என்பது ஏவல். 'வா' என்பது மெய்யா பொய்யா என்று எவரும் கேட்பதில்லை. ஏ1, ஏ2 என்ற குறிகளைக் காட்டி மடக்கப் பார்ப்பவரிடம் மட்டும் சற்று இறங்கி வர வேண்டும். அவை சின்னவை, மெய்யானவை, கேமராக்காரருக்குப் பயனற்றவை. செல்பேசியில் செயலிகளை ஓட்டும்போது நடக்கும் சில்லறை வாசிப்புக்கும் எழுத்துக்கும் உரியவை. எதை நம்பலாம் என்பதை நம் விதி சொல்லும். எதை வாங்கலாம் என்பதற்கு அது பொறுப்பேற்காது.

போலிக் கார்டுகளில் சின்ன எழுத்தும் சேர்ந்து பொய் சொல்கிறதே என்பது கடைசி மறுப்பு. உண்மைதான், போலிச் செப்பேடுகளிலும் நான்கெல்லை உண்டு. 32 ஜி.பி. சில்லை உள்ளே வைத்து, 512 என்று கேமராவிடமே சொல்லும்படி பழக்கியிருப்பார்கள். 32 நிரம்பும்வரை உலகம் நன்றாகவே போகும். அதன்பின் புதுப்படம் காணாமல் போகும், அல்லது பழைய படத்தின்மேல் ஏறி உட்காரும். வாங்கிய அன்றே கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இந்தச் சோதனை எழுத்து எதையும் நம்பாது.

எழுத்து சிறுக்கச் சிறுக்க வாய்மை பெருகும் என்றால், எழுத்தே இல்லாத இடத்தில் முழு வாய்மை இருந்தாக வேண்டும். கார்டைத் திருப்பினால் இருக்கிறது. சாதாரணக் கார்டின் முதுகில் தங்க நிறத்தில் ஒரே வரிசையில் 9 தொடுமுனைகள். யு.எச்.எஸ். இரண்டாம் வகைக் கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை, ஆக மொத்தம் 17. அதன் தடம் நொடிக்கு 312 எம்.பி. வரை தாங்கும் (இங்கும் 'வரை' வந்துவிட்டதைக் கவனித்தவர்கள் இந்த ஆய்வுமுறையைக் கற்றுவிட்டார்கள்). வி90 என்ற தரம் இந்த இரண்டாம் வரிசையை நம்பித்தான் பிழைக்கிறது. கேமராவின் செருகுவாயிலும் அந்த இரண்டாம் வரிசைக்கு எதிர்முனை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலையுயர்ந்த கார்டும் முதல் வரிசையாலேயே பேசி, முதல் வகை வேகத்திலேயே எழுதும்.

ஆகவே கடையில் கார்டை வாங்கியதும் முதலில் முதுகைப் பார்க்கவும், பிறகு பூதக்கண்ணாடியால் 'வி'யைத் தேடவும், கேமராவின் கையேட்டில் அது எந்த வகையை ஏற்கும் என்ற வரியைப் படிக்கவும். அதுவும் சின்ன எழுத்தில்தான் இருக்கும். கேமரா ஒற்றை வரிசைக்காரர் என்றால், 200 மெகாபிட்டுக்கு மேல் வீடியோ எடுக்காதவருக்கு வி30 போதும். இரட்டை வரிசைக் கார்டுக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் இன்னொரு வி30 வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.