மாமியார் நடந்தால் ஊசி குதிக்குமா?

கே: பழைய வீடு. மாடியில் ரெக்கார்ட் பிளேயர். மாமியார் அந்தப் பக்கம் போனாலே ஊசி தாவி, பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போய்விடுகிறது. அவரிடம் எப்படிச் சொல்வது? (மயிலாப்பூர் வாசகி)

ப: சொல்லவே வேண்டாம். குற்றவாளி உத்தரம். உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் தளமாக இருக்கும்: மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. மிதித்தால் கொஞ்சம் அதிரும். ஊசியைத் தாங்கும் கைக்கும் சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு. பொருத்தம் சரியாக இருந்தால் விநாடிக்கு 8 முதல் 12 முறை. தளத்தின் அதிர்வு அதன் பக்கத்தில் வந்தால் கையும் சேர்ந்து ஆடும். ஊசி ஓடும் பள்ளமோ ஏறக்குறைய ஒரு தலைமுடி அகலம்தான். உங்கள் வீட்டு ஒல்லிப் பையன் ஓடினாலும் குதிக்கும், சோதித்துப் பாருங்கள். ஸ்டாண்டை ஓரங்கட்டிவிட்டுப் பிளேயரைச் சுவருக்கு மாற்றுங்கள். ஒன்பது இஞ்ச் சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கிருக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் எங்கே போவது என்பதை மாமியாரே முடிவு செய்யட்டும்.

கே: எங்களுடையது கான்கிரீட் தளம். யாரும் நடக்கவில்லை. ஆனாலும் சத்தத்தைக் கூட்டினால் ‘ஊம்ம்’ என்று ஒரு முனகல் எழுந்து வளர்ந்துகொண்டே போகிறது. பயமாக இருக்கிறது. (சேலம்)

ப: பேய் இல்லை, ஸ்பீக்கர். பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே மேஜையில்தானே? ஸ்பீக்கர் மேஜையை அதிரவைக்கிறது. அதை ஊசி பாட்டு என்று நினைத்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அது பெரிதாகி மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. ஹெட்போனில் கேளுங்கள்; முனகல் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. இன்னொரு சோதனை: மோட்டாரை நிறுத்தி, நிற்கிற ரெக்கார்டில் ஊசியை வைத்து, சத்தத்தை மெல்லக் கூட்டி, மேஜையை விரலால் தட்டுங்கள். ‘தொம் தொம்’ என்று கேட்டால் இரண்டுக்கும் தனிக்குடித்தனம் வைத்துவிடுங்கள்.

கே: வீட்டு வாசலில் பஸ் போகிற ரோடு. பிளேயருக்கு அடியில் சோபா நுரை வைத்தேன். முன்பைவிட மோசம்! (கோவை)

ப: மெத்தென்று இருந்தால் போதும் என்று யார் சொன்னது? பாரம் ஏறியதும் எவ்வளவு அமுங்குகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். 1 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங், பாரத்தோடு சேர்ந்து விநாடிக்கு 5 முறை ஆடும். 2.5 செ.மீ. அமுங்கினால் 3 முறை. தன் எண்ணைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அதிர்வைத்தான் அது தடுக்கும். தன் எண்ணை ஒட்டி வருவதையோ ஊதிப் பெரிதாக்கும். உங்கள் நுரை 3 மி.மீ. அமுங்கியிருந்தால் கணக்கு 9-ல் வந்து நிற்கிறது. கையின் சொந்த ஆட்டமும் அங்கேதான். திருடன் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள்! நன்றாக அமுங்கும் நான்கு ஸ்பிரிங், மேலே கனமான கல் பலகை, அதன்மேல் பிளேயர் என்று வையுங்கள். நாலு மூலையும் ஒரே அளவு இறங்கியிருக்கிறதா என்று ரசமட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி இதைப் படித்துவிட்டு ஸ்பிரிங் வாங்க ஓட வேண்டாம். மனித நடை விநாடிக்குச் சுமார் 2 காலடி. 3 முறை ஆடும் ஸ்பிரிங்குக்கு அது ரொம்பவே பக்கம். ஆடுகிற மாடியில் அது ஊஞ்சலாகிவிடும். உங்களுக்குச் சுவர்தான்.

கே: ஊசித் தலைமேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்தேன். குதிப்பது நின்றுவிட்டது. சரிதானே? (திருச்சி)

ப: இன்றைய ஊசிகள் பெரும்பாலும் 2 கிராம் அழுத்தத்துக்குச் செய்தவை. நாணயமே 3 கிராமுக்கு மேல். ரெக்கார்டு குதிக்காது, தேயும்.

கே: தாத்தாவின் கிராமபோன் மட்டும் யார் நடந்தாலும் அசையவில்லையே? (காரைக்குடி)

ப: அதன் தலை 100 கிராமுக்கு மேல் கனக்கும். எப்படி அசையும்? ஒரு பக்கம் பாடி முடித்ததும் எஃகு ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். ரெக்கார்டைத்தான் அப்படி மாற்ற முடியவில்லை.

கே: இதையெல்லாம் பிளேயர் செய்கிறவர்கள் யோசிக்க மாட்டார்களா? (மதுரை)

ப: யோசித்தார்கள். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1961-ல் கொண்டுவந்த ஏ.ஆர். பிளேயரில் தட்டும் கையும் ஒரே சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டம் ஸ்பிரிங்கில் மிதக்கும். இரண்டும் ஒன்றாகவே ஆடினால் ஊசிக்கு ஆட்டமே தெரியாது. ஸ்காட்லாந்தின் லின் எல்பி12-ம் அதே வழி. அப்படிப்பட்ட பிளேயர் வைத்திருந்தால் கீழே இன்னொரு ஸ்பிரிங் போடாதீர்கள். ஒன்றின் ஆட்டத்தை மற்றது கிளப்பிவிடும்.

கே: ஒரே வரியில் சொல்லுங்கள்: எந்த அறையில் வைப்பது? (வேலூர்)

ப: கிரைண்டர் ஓடாத அறையில்.