காபி குடிக்கக் கூட்டம் எதற்கு?

கேள்வி: காபிப் பிரியர்கள் சிலர் சென்னையில் ஒருநாள் நேரில் கூடத் திட்டமிடுகிறோம். 'அவரவர் வீட்டில் குடித்துவிட்டு போனில் பேசினால் போதாதா?' என்கிறார் ஒரு நண்பர். போதுமா?

பதில்: போதாது. அந்த நண்பரையும் கையோடு இழுத்து வாருங்கள். போன் குரலைத்தான் கொண்டுபோகும், டிகாக்ஷன் மணத்தை அல்ல. காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். மிச்சம் முழுக்க சிக்கரியாக இருக்கலாம். கசப்பு வறுப்பில் வந்ததா, சிக்கரியில் வந்ததா என்ற வழக்கு, ஒரே டிகாக்ஷனை இருவரும் குடித்தால்தான் தீரும். தொழில்முறை ருசி பார்ப்பவர்களும் ஒரே மேசையைத்தான் சுற்றி நிற்கிறார்கள். 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள். நான்கு நிமிடம் ஊறியதும் மேலே திரண்ட தூள் ஏட்டைக் கரண்டியால் உடைத்து, மூக்கைக் கிண்ணத்தருகே கொண்டுபோய் மணம் பிடிக்கிறார்கள். சூடு இறங்க இறங்கத்தான் புளிப்பும் இனிப்பும் பிடிபடும்.

ஒரே பொடியைக் கூரியரில் அனுப்பிவிட்டால்? ஒரு வீட்டில் போர் தண்ணீர், இன்னொரு வீட்டில் கேன் தண்ணீர், பாலும் வேறு. அப்புறம் எதை ஒப்பிடுவது? கூடினால் அரட்டைதான் மிஞ்சும் என்பார்கள். மிஞ்சட்டுமே! அந்த அரட்டைக்குப் பயந்து 1675-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காபி கடைகளை மூட உத்தரவிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார். லண்டனில் எட்வர்ட் லாய்டின் காபி கடையில் கூடிய கப்பல்காரர்களின் பேச்சிலிருந்துதான் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையே வளர்ந்தது. ஒன்று மட்டும்: மூன்று பொடிகளுக்கு மேல் வைக்காதீர்கள், முதல் சுற்றில் பாலும் சர்க்கரையும் வேண்டாம்.