சைபர் தின்னும் எக்செல்

கணினிப் பயிற்சிக்கு ஆணை வந்துவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் மூன்று கேள்விகள் எழும். எந்த ஸ்கூல்ல போட்டிருக்காங்க? பஸ் இருக்கா? ஆன் டியூட்டி உண்டா? நான்காவதாக, “என்ன சொல்லித் தரப்போறாங்க?” என்று ஒருவர் கேட்டால், அவர் பணியில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

பயிற்சி மையத்தில் முதல் வேலை கையெழுத்துப் போடுவது. அடுத்தது பேனர் கட்டுவது. பேனர் சுருக்கமில்லாமல் நின்றால்தான் போட்டோ. போட்டோ வாட்ஸ்அப் குரூப்பில் ஏறினால்தான் பயிற்சி நடந்ததாகக் கணக்கு. அதனால் காலை பத்து மணிக்கே, ஒன்றும் கற்றுக்கொள்வதற்கு முன்பே, கற்றுக்கொண்ட முகத்தோடு வரிசையாக நிற்போம். பிறகு செருப்பை வாசலில் விட்டுவிட்டு கணினி அறைக்குள் போகவேண்டும். சாவி ஒருவரிடம்தான் இருக்கும், அவர் வந்தால்தான் நடை திறக்கும். உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் துணி போர்த்தி, சாமிக்குத் திரை போட்ட மாதிரி வைத்திருப்பார்கள். ஆசிரியர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

அடுத்தது முன் தேர்வு. கூகுள் ஃபார்மில் வரும். அதைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும், மின்னஞ்சலுக்கு பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இருக்காது. “மறந்துவிட்டீர்களா?” என்று கணினி கனிவாகக் கேட்கும். ஆமாம் என்றால் ஓ.டி.பி. அனுப்பும். அது சென்னையில் வேலை பார்க்கும் மகனின் போனுக்குப் போகும். ஏனென்றால் அந்த மின்னஞ்சலை உண்டாக்கித் தந்தவனே அவன்தான். அவன் மீட்டிங்கில் இருப்பான். “டேய், நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு! என்ன? ஏழா, நாலா? சத்தமா சொல்லுடா!” ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கும். ஆறு இலக்கமும் அறை முழுக்கக் கேட்டிருக்கும்.

முன் தேர்வில் எங்களுக்கெல்லாம் மதிப்பெண் சுமாராகத்தான் வரும். மாலையில் பின் தேர்வு. அதற்குள் விடைகள் குரூப்பில் வந்திருக்கும் என்பதால் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு. காலைக்கும் மாலைக்கும் நடுவில் இப்படியொரு கற்றல் அடைவை எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை காட்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருப்போம்.

பயிற்சி தரும் கருத்தாளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர்தான். மாநில அளவில் சில நாள் நடந்தது மாவட்டத்தில் சுருங்கி, ஒன்றியத்துக்கு வரும்போது ஒரு பென்டிரைவாகிவிடும். முதல் நாள் சாயங்காலம் அவர் கைக்கு வந்திருக்கும். அதில் “21ஆம் நூற்றாண்டுத் திறன்கள்” என்று ஒரு ஸ்லைடு கண்டிப்பாக இருக்கும். அந்த நூற்றாண்டில் கால் பங்கு போய்விட்டது, ஸ்லைடு இன்னும் போகவில்லை. அவர் படிப்பார், நாங்கள் கேட்போம். அதற்குள் போண்டா வந்துவிடும்.

கருவிகள் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1984இலேயே மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டம் போட்டு, பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 2011இல் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பீடுகூட போன் செயலிக்குள் ஏறியது. உயர் தொழில்நுட்ப ஆய்வகம், ஸ்மார்ட் வகுப்பறை, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் தளம் என்று பட்டியல் நீளம். எல்லாம் வந்தது. வந்த ஒவ்வொன்றுக்கும் பயிற்சியும் வந்தது. ஆனால் அன்றாடம் எங்கள் உயிரை வாங்குகிற எக்செல் கட்டத்துக்கு மட்டும் யாரும் பயிற்சி போடவில்லை.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். உதவித்தொகைப் பட்டியல் கேட்டிருந்தார்கள். வழக்கம்போல இன்று மதியம் கேட்டு, இன்று மாலைக்குள் வேண்டும் என்றார்கள். பெயர், வகுப்பு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். எச்.எம். சார் ஆதார் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். பன்னிரண்டும் அடித்து என்டரைத் தட்டினார். எண்ணைக் காணோம். அது இருந்த இடத்தில் 4.56123, பக்கத்தில் ஓர் ஆங்கில இ, ஒரு கூட்டல் குறி, ஒரு 11.

“தமிழம்மா, இங்க கொஞ்சம் வாங்க. வைரஸ் வந்திருச்சு.”

நான் போவதற்குள் கணக்கு சார் எட்டிப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு பரவசம். “வைரஸ் இல்ல சார், இது அறிவியல் குறியீடு! பத்தின் அடுக்கு பதினொன்று! ஒன்பதாம் வகுப்புப் பாடம்!” இத்தனை வருஷமாக அவர் நடத்திய பாடம் கரும்பலகைக்கு வெளியே உயிரோடு நடமாடுவதை அன்றுதான் பார்த்தார். எச்.எம். அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

விஷயம் இதுதான். வெறும் கட்டத்தில் எண்ணை அடித்தால் எக்செல் அதை அளவு என்று நினைத்துக்கொள்கிறது. ஆதார் எண்ணைக் கூட்டிக் கழிக்கவா போகிறோம்? அதற்கு அது தெரியாது. பதினொரு இலக்கம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும், பன்னிரண்டாவது வந்தால் சுருக்கிவிடும். முன்னால் சைபர் இருந்தால் மதிப்பில்லாத சைபர்தானே என்று விழுங்கிவிடும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை என்பதைச் சுருக்கி 6, நடுவில் ஒரு கோடு, 8 என்று அடித்தால் தேதியாக்கிவிடும். கணினியின் அமைப்பைப் பொறுத்து அது ஆகஸ்ட் 6, இல்லையென்றால் ஜூன் 8. எங்கள் பள்ளியின் நடுநிலை வகுப்புகள் ஆகஸ்ட் மாதத்தில் நடப்பதாக ஓர் அறிக்கையே போயிருக்கிறது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வம்பு. தெரியாத வம்பு ஒன்று உண்டு. எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கத்தைத்தான் நினைவில் வைக்கும். சில வங்கிகளில் கணக்கு எண் பதினாறு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் எதுவாக இருந்தாலும் எக்செல் ஓசைப்படாமல் சைபராக்கிவிடும். எச்சரிக்கை மணி அடிக்காது, சிவப்புக் கோடு போடாது. பட்டியலை அனுப்பிவிட்டு நாம் நிம்மதியாக டீ குடிப்போம். மாதங்கள் கழித்து ஓர் அம்மா, கூலி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். “எல்லாப் புள்ளைக்கும் பணம் ஏறிடுச்சாம் டீச்சர். எம்பொண்ணுக்கு மட்டும் ஏறல. பேங்க்ல கேட்டா ஸ்கூல்ல கேளுங்கிறாங்க.” அந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளை வரிசையாகப் பாருங்கள். எல்லோர் எண்ணும் சைபரில் முடிந்திருக்கும்.

தீர்வு என்னவோ சுண்டைக்காய் அளவுதான். அடிப்பதற்கு முன்னால் அந்த வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் எண்ணுக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டாலும் போதும், அது தாளில் தெரியாது. அடித்து முடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் வராது. கூடவே ஐஎஃப்எஸ்சி குறியீடு: பதினொரு எழுத்தில் ஐந்தாவது எப்போதும் சைபர்தான். ஆங்கில ஓ என்று நினைத்து அடிப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். இவ்வளவையும் சொல்ல பத்து நிமிஷம் போதும். போண்டா வருவதற்குள் முடிந்துவிடும்.

புரொஜெக்டர் கதைக்கு வருகிறேன். பார்வைக்கு அதிகாரி வருகிறார், ஸ்மார்ட் வகுப்பில் பாடம் நடத்திக் காட்டவேண்டும். லேப்டாப்பில் படம் இருக்கிறது, சுவரில் நீலம். “நோ சிக்னல்.” இந்த நீலத்தைப் பார்த்ததும் பள்ளியில் உள்ள அத்தனை பேரும் பொறியாளராகிவிடுவார்கள். ஒருவர் வயரைப் பிடுங்கி வாயால் ஊதிச் சொருகுவார். ஒருவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். பி.இ.டி. சார் பெஞ்சின் மேல் ஏறிப் புரொஜெக்டரைப் பாசமாகத் தட்டிக்கொடுப்பார். கடைசியில் புதிதாக வந்த ஆங்கில டீச்சர், விண்டோஸ் சின்னம் போட்ட விசையை அழுத்திக்கொண்டே ஆங்கில P எழுத்தைத் தட்டினார். நான்கு வழிகள் காட்டியது. ‘டூப்ளிகேட்’ என்பதைத் தொட்டார், சுவரில் தாவரச் செல் மலர்ந்தது. ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தொட்டுவிடாதீர்கள். சுவரில் வால்பேப்பர் மலையும் ஏரியும் மட்டும் தெரியும், பாடம் லேப்டாப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அன்று அதிகாரி வரவேயில்லை என்பது வேறு விஷயம்.

பாடம் நடக்கும்போது பிள்ளைகள் திரையையே பார்க்கிறார்கள், நம்மைப் பார்ப்பதில்லை என்று வருத்தமா? ஸ்லைடு ஓடும்போது ஆங்கில B எழுத்தைத் தனியாகத் தட்டுங்கள். திரை இருண்டுவிடும், எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் வெளிச்சம். பிரம்பு தடை செய்யப்பட்ட பிறகு ஆசிரியருக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் இது என்று எங்கள் பி.இ.டி. சார் சொல்கிறார்.

இன்னொரு வழி: ஏற்றும் போட்டோ 50 கேபிக்குள் இருக்கவேண்டும் என்று இணையதளம் அடம் பிடித்தால், அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நன்றாக இளைத்திருக்கும், 50 கேபிக்குள் வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழாசிரியை. என் பங்குத் துயரம் எழுத்துருவில் இருக்கிறது. வீட்டில் இரவு உட்கார்ந்து வினாத்தாள் அடித்து, மறுநாள் ஜெராக்ஸ் கடையில் திறந்தால் தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். தமிழ்த் தேர்வு வினாத்தாளில் மருந்துக்கும் தமிழ் இல்லை. கடைக்காரர், “இது எந்த பாஷை டீச்சர்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்து ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யுனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை, அதில் தமிழ் எழுத்துக்குச் சொந்த இடமே உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. ஆனாலும் அலுவலகங்களிலிருந்து பழைய எழுத்துருவில் கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தமிழ்99ஐப் பழகாத தமிழாசிரியர்களிடம் எனக்குக் கோபமே உண்டு. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் தலையில் தானாகப் புள்ளி விழுந்துவிடும். இலக்கணத்தில் நாம் நடத்துகிற மெய்ம்மயக்கம் விரல் நுனியில் வேலை செய்கிறது. இப்போதைய விண்டோஸிலேயே இது இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. பழகும்வரைக்கும் பழைய எழுத்துருவைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன் என்பவர்கள் கோப்பை பிடிஎஃப் ஆக்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள். மானம் மிஞ்சும்.

இதில் எதையும் நான் பேனர் கட்டிய பயிற்சியில் கற்கவில்லை. எக்செல் சைபரைச் சொன்னது எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டர் தம்பி. ஒன்றியத்தில் பாதிப் பள்ளிகளின் பாஸ்வேர்டு அவருக்கு மனப்பாடம். எந்தத் தளம் எப்போது படுக்கும், எப்போது எழுந்திருக்கும் என்பதும் தெரியும். “ராத்திரி பதினொரு மணிக்கு மேல ஏத்துங்க டீச்சர், சும்மா பறக்கும்” என்பார். பக்கத்துக்கு இருபது ரூபாய் வாங்குவார், டீச்சருக்குப் பதினைந்து. அவர் ஸ்லைடு காட்டியதில்லை. நாம் கொண்டுபோன தாளை வாங்கி, தப்பு எங்கே என்று தொட்டுக் காட்டுவார். கற்பித்தல் முறை என்று பி.எட்.டில் ஒரு தாள் முழுக்க எழுதினோமே, அதில் இருந்த நல்ல பகுதி இவ்வளவுதான்.

ஆகவே பயிற்சிக்குத் தேதி குறிக்கிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை எங்களை வெறுங்கையோடு கூப்பிடாதீர்கள். அவரவர் பள்ளியின் பாதி அடித்த பட்டியலையும், திறக்காத கோப்பையும், ஏறாத போட்டோவையும் எடுத்து வரச்சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் அதை முடித்துக் கொடுத்து அனுப்புங்கள், அதுவே பின் தேர்வு. ஜூனில் நடத்துங்கள், பொதுத்தேர்வு நடக்கிற மார்ச்சில் தயவுசெய்து வேண்டாம். முடிந்தால் அந்தத் தம்பியையும் ஒருநாள் கருத்தாளராகக் கூப்பிடுங்கள். கடையை மூடிவிட்டு வரவேண்டியிருக்கும், ஒருநாள் வருமானத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.