லொஃப்ட்டுக்குள் மழை பெய்விக்கும் முறை

லண்டனில் வீடு வாங்கி, பின்பக்கம் எக்ஸ்டென்ஷனும் இழுத்துவிட்ட நம்மவர்களுக்கு அடுத்த ஆசை, லொஃப்ட்டுக்குள் தண்ணீர் சொட்ட வேண்டும் என்பதாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை பேர் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். புதிதாக வேலை முடித்தவர்களுக்கு முறையைச் சொல்லித் தருகிறேன்.

முதலில் காலம் பார்க்க வேண்டும். கோடையில் பூசிய சுவர், திறந்த ஜன்னலில் காய்ந்து தொலைக்கும். ஆகவே நவம்பரில் பூசுங்கள். கலவைக்கு ஊற்றிய தண்ணீர் சுவரிலும் தரையிலும்தான் இருக்கிறது. ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். தரை ஸ்கிரீட் மில்லிமீட்டருக்கு ஒரு நாள் வீதம் காயும், 40 மி.மீ. தாண்டினால் இன்னும் மெதுவாக. 75 மி.மீ. போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு மேலாகும். அத்தனை நாளும் குளிருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டி, ஹீட்டிங்கைக் கூட்டி வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று பில்டர் மண்ணெண்ணெய் ஹீட்டர் கொண்டுவந்தால் தேத்தண்ணீர் போட்டுக் கொடுங்கள். ஒரு லீட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாய் வீட்டுக்குள்ளேயே வந்து சேரும்.

குளியலறை எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் விநாடிக்கு 15 லீட்டர் காற்றை வெளியே தள்ள வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் கட்டட விதி. அதன் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகாமல் லொஃப்ட்டுப் பஞ்சின் மேல் கிடத்தி விடுங்கள். யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? கீழே இடியப்பம் அவிக்கும்போது சமையலறை ஃபேனையும் போடாதீர்கள். சத்தம்.

பஞ்சு விஷயத்தில்தான் கைத்திறன் தேவை. 270 மி.மீ. தடிப்புக்குப் போடுங்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சூடு கீழேயே நிற்கும். லொஃப்ட் முன்னையைவிடக் குளிரும். 20 பாகையில் 60 வீத ஈரப்பதம் உள்ள அறைக் காற்று, 12 பாகைக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும். ஜனவரி இரவில் கூரையின் அடிப்பக்கம் அதற்கும் எவ்வளவோ கீழே. அந்தக் காற்று மேலே ஏறத்தான் புதிய சீலிங்கில் ஸ்பொட்லைட்டுக்கு வரிசையாக ஓட்டை போட்டிருக்கிறீர்களே. லொஃப்ட் மூடிக்கும் ரப்பர் பட்டி ஒட்டிவிடாதீர்கள். மிஞ்சிய பஞ்சை, கூரை சரிந்து சுவரைத் தொடும் ஓரங்களில் இறுக்கி அடையுங்கள். வெளிக்காற்று அந்த இடுக்கால்தான் வந்து போய்க்கொண்டிருந்தது.

பலனைப் பார்க்க, உறைபனி விழுந்த காலை டோர்ச்சோடு ஏறுங்கள். கறுப்பு ஃபெல்ட்டின் அடிப்பக்கம், புட்டுப் பானை மூடியைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருக்கும். வெளியே நீட்டியிருக்கும் ஆணி முனை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, விழவா வேண்டாமா என்று தொங்கும். அதற்கு நேர் கீழேதான் கலியாண அல்பமும் ஊரிலிருந்து வந்த கூறைச்சேலையும் இருக்கும் சூட்கேஸ்.

உடனே ரூஃபருக்குப் போன் போடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணை குறுக்கே வருவார். “தம்பி, ரெண்டு கிழமையா மழையே இல்லை. பிறகெப்பிடி ஓடு ஒழுகும்?”

“பழைய ஓடு அண்ணை, உங்களுக்கு விளங்காது” என்று அனுப்பிவிடுங்கள். ஒழுக்கென்றால் மழையோடு வரும், ஓரிடத்தில் கறை போடும். இதுவோ மழையில்லாத குளிர் இரவில் கூரை முழுக்கப் பூக்கும். இந்த வித்தியாசம் தெரிந்த ரூஃபர் வந்துவிட்டால் உங்கள் காசு உங்களிடமே தங்கிவிடும். கவனம்.

இந்த மழையில் விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் ஏறி, மரச்சட்டங்களில் மட்டும் கால் வைத்து, டோர்ச்சை அணைத்துப் பாருங்கள். ஓரத்தில் எங்குமே வெளிச்சம் தெரியாவிட்டால், பஞ்சை இழுத்து 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஃபேன் குழாயை வெளியே எடுங்கள், லொஃப்ட் மூடிக்குப் பட்டி ஒட்டுங்கள். புதுப் பூச்சின் ஈரம் பெரும்பாலும் முதல் குளிர்காலத்தோடு போய்விடும். அடுத்த குளிர்காலமும் ஆணி சொட்டினால் அது உங்கள் வீட்டு ஆவிதான். அதற்காக ஓடு மாற்றாதீர்கள்.